மேடையில் ஆங்கிலம்: நம் மாணவர்களின் இயல்பும் இடர்ப்பாடும் பேச்சுத் திறனும்

(ஜமாஅத் ஆண்டு விழாவில் கல்விக் குழுவின் சார்பில் நிகழ்த்தப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)

 

கல்வி உதவித்தொகை எவ்வளவு வழங்கினோம், எத்தனை பிள்ளைகளுக்கு நோட்டுப் புத்தகம் கொடுத்தோம், பத்தாம் வகுப்பிலும் பன்னிரண்டாம் வகுப்பிலும் எத்தனை பேர் தேறினார்கள் என்பன போன்ற விவரங்கள் இந்த அறிக்கையில் ஆண்டுதோறும் இடம்பெறுகின்றன. அக்கணக்கின் எந்தப் பத்தியிலும் ஏறாத ஒரு செய்தியைப் பற்றி இன்று பேச எண்ணுகிறோம். நல்ல மதிப்பெண் பெற்றுக் கல்லூரிக்குள் நுழையும் பிள்ளை, வகுப்பில் எழுந்து நின்று ஆங்கிலத்தில் ஐந்து நிமிடம் பேச வேண்டும் என்றவுடன் நிலைகுலைந்து போகிறானே, அதைப் பற்றித்தான். மாணவர்கள் இதனைச் 'செமினார் எடுப்பது' என்கிறார்கள். பாடத்தின் ஒரு பகுதியைத் தாமே தயாரித்து, கரும்பலகை முன் நின்று, சக மாணவர்களுக்கும் ஆசிரியருக்கும் எடுத்துரைக்க வேண்டும். பின்னர் வைவா எனப்படும் வாய்மொழித் தேர்வு. அதன் பின்னர் வேலைக்கான நேர்முகம். எழுத்துத் தேர்வில் எழுபது, எண்பது வாங்கியவர் இந்த மூன்று வாசல்களில் ஏதேனும் ஒன்றில் நின்றுவிடுகிறார்.

இதைச் சிறிய செய்தி என்று எவரும் எண்ணிவிட வேண்டாம். செமினார் நாளன்று காய்ச்சல் என்று சொல்லி விடுப்பு எடுத்த பிள்ளைகளை நாம் அறிவோம். இரண்டாம் ஆண்டோடு படிப்பையே விட்டுவிட்டுத் தந்தையின் கடையில் வந்து அமர்ந்த ஒருவரையும் அறிவோம். வீட்டில் கேட்டால் 'அவனுக்குப் படிப்பு ஏறவில்லை' என்றார்கள். அவனுக்கு ஏறாதது மேடை மட்டுமே.

கொல்லிமலையின் நிலைமையை முதலில் எடுத்துக்கொள்வோம். காரவள்ளியிலிருந்து எழுபது கொண்டை ஊசி வளைவுகள் ஏறி மேலே சென்றால் வளப்பூர் நாடு, வாழவந்தி நாடு, அரியூர் நாடு, பைல் நாடு எனப் பல நாடுகளாகப் பிரிந்து கிடக்கும் ஊர்கள். மிளகும் காப்பியும் பலாவும் அன்னாசியும் மரவள்ளிக் கிழங்கும் விளையும் பூமி. அங்கு வாழும் பெரும்பான்மையோர் மலையாளிப் பழங்குடியினர். பெயரைக் கேட்டுக் கேரளத்தவர் என்று மயங்குவோர் இன்றும் உண்டு. மலையை ஆள்வோர் என்பதே அச்சொல்லுக்குக் கூறப்படும் பொருள். அவர்களது பேச்சு தமிழே. ஆயினும் மலைக்கே உரிய சொற்களும் இழுவையும் கொண்ட தமிழ். பைல் நாட்டுப் பிள்ளை வீட்டில் பேசுவது ஒரு தமிழ், பாடநூலில் படிப்பது வேறொரு தமிழ். உறைவிடப் பள்ளியில் தங்கிப் பன்னிரண்டாம் வகுப்பு முடித்து, நாமக்கல்லிலோ இராசிபுரத்திலோ உள்ள அரசு கலைக் கல்லூரிக்கு இறங்கி வரும்போது மூன்றாவதாகக் கீழ்நாட்டுத் தமிழ் ஒன்று எதிர்ப்படுகிறது. நான்காவது நிலையில்தான் ஆங்கிலம் வந்து சேர்கிறது.

இங்கே ஒன்றை மனத்தில் இருத்த வேண்டுகிறோம். மலைப் பிள்ளையின் வாய் ஆங்கிலத்தால் அடைபடுவதில்லை. அவன் தமிழைப் பேசியபோதே விடுதியில் யாரோ ஒருவர் அச்சொல்லைத் திருப்பிச் சொல்லிச் சிரித்திருப்பார். அன்றே அவன் குறைவாகப் பேசக் கற்றுக்கொண்டான். ஆங்கிலம் வரும்போது அந்த மௌனம் முன்னமே அங்கு குடியிருக்கிறது. ஆசிரியர் பார்வையில் இது 'கூச்ச சுபாவம்' என்று பதிவாகிறது. அடுத்து 'ஆங்கிலம் வராது' என்று பதிவாகிறது. இவ்விரண்டும் வேறுவேறு பதிவுகள் என்பதை எடுத்துச் சொல்வதற்காகவே இவ்வுரையின் பெரும்பகுதியை ஒதுக்கியுள்ளோம்.

நம் இல்லங்களை நோக்குவோம். வீட்டில் உருது பேசுவோர் நம்மில் உண்டு. தமிழ் பேசுவோரும் உண்டு. மக்தபில் பிள்ளைகள் அரபு எழுத்தைக் கூட்டி ஓதுகிறார்கள். அவர்களில் பலர் ஏழெட்டு வயதிலேயே மீலாது மேடையில் ஏறி, ஒலிபெருக்கி முன் நின்று, சற்றும் நடுங்காமல் கிராஅத் ஓதியிருக்கிறார்கள். பைத் பாடியிருக்கிறார்கள். அத்தகைய பிள்ளை கல்லூரியில் ஆங்கிலத்தில் பேச எழுந்து நடுங்குவது ஏன் என்று பெற்றோர் நம்மிடம் கேட்பதுண்டு. 'மேடைப் பயம் இல்லாதவன் ஆயிற்றே!' என்பார்கள். விடை எளிது. ஓதுவது மனனம், ஒவ்வொரு எழுத்தும் உஸ்தாதால் திருத்தப்பட்டு நாவில் பதிந்துவிட்டது. மேடையில் அவன் எதையும் புதிதாகத் தேட வேண்டியதில்லை. பேசுவது அவ்வாறன்று. கருத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும், அதற்குச் சொல்லும் இலக்கணமும் தேட வேண்டும், அதை ஒலியாக்க வேண்டும். இம்மூன்று வேலைகளும் ஒரே நேரத்தில் நடக்கின்றன என்று நெதர்லாந்து அறிஞர் லெவெல்ட் 1989ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில் விளக்கினார். தாய்மொழியில் பின்னிரண்டும் நம்மை அறியாமலே நடந்துவிடுவதால் மனம் கருத்தில் மட்டும் நிற்கிறது. பழகாத மொழியில் மூன்றுக்கும் மனமே கூலியாளாக நிற்க வேண்டியிருக்கிறது. அத்தோடு எதிரே அமர்ந்திருப்பவர்களின் முகங்களையும் அது சுமந்தால் என்ன ஆகும்?

ஆகவே பிள்ளைகள் தமக்குத் தெரிந்த ஒரே வழியை நாடுகிறார்கள். செமினாரையும் மனனம் செய்துவிடுகிறார்கள். ஆங்கில வாசகங்களைத் தமிழ் எழுத்தில் எழுதி வைத்துக்கொண்டு உருப்போடும் நோட்டுகளை நாம் பார்த்திருக்கிறோம். தொடக்கம் எல்லாருக்கும் ஒன்றுதான்: 'ரெஸ்பெக்டட் டீச்சர்ஸ் அண்ட் மை டியர் ஃப்ரெண்ட்ஸ், குட் மார்னிங் டு ஒன் அண்ட் ஆல்.' இந்த வரி வரையில் குரல் கணீரென்று ஒலிக்கும். அதன் பின்னர் ஓட்டம்; நிறுத்தற்குறியே இல்லாத ஓட்டம். நடுவில் ஒரு சொல் மறந்தால் போதும், தஸ்பீஹ் நூல் அறுந்தது போல மணிகள் அனைத்தும் உருண்டுவிடும். மீண்டும் முதல் வரியிலிருந்து தொடங்குவதைத் தவிர வேறு வழியில்லை. அவ்வாறு மூன்று முறை தொடங்கி, முடிக்காமலே அமர்ந்தவர்கள் இந்த அவையிலும் இருக்கிறீர்கள் என்று சொன்னால் வருத்தப்படமாட்டீர்கள் என நம்புகிறோம்.

தமிழ் எழுத்தில் எழுதிப் படிப்பதால் வேறொரு இடரும் வருகிறது. நம் எழுத்தில் 'ப' ஒன்றே. ஆங்கிலத்தில் அதற்கு இரண்டு ஒலிகள் உண்டு. 'க', 'ட' ஆகியவற்றுக்கும் அதே நிலை. எனவே தமிழில் எழுதிப் படித்தவர் வாயில் 'பேக்' என்பது மூட்டையா, முதுகா என்று கேட்பவர் ஊகிக்க வேண்டும். சொல்லின் தொடக்கத்தில் இரு மெய்கள் சேர்ந்து வருவது நம் நாவுக்குப் புதிது. ஆகவே பள்ளிக்கூடம் 'இஸ்கூல்' ஆகிறது. சொல்லின் கடைசியில் ஓர் உகரத்தை ஒட்டாமல் நமக்கு மூச்சு நிற்பதில்லை. 'பஸ்' ஏறாமல் 'பஸ்ஸு' ஏறுகிறோம். இன்னும் முக்கியமானது அழுத்தம். ஆங்கிலச் சொல்லில் ஓர் அசை உயர்ந்தும் மற்றவை தாழ்ந்தும் ஒலிக்கும். நாம் எல்லா அசைகளையும் ஏறத்தாழ ஒரே எடையில் நிறுத்தி ஒலிக்கிறோம். வாக்கிய அமைப்பிலோ நம் வினைச்சொல் கடைசியில் வரும். அவர்களுக்கு அது நடுவிலேயே வந்தாக வேண்டும். தமிழில் யோசித்து மொழிபெயர்ப்பவர் வாக்கியம் முழுவதையும் தலைகீழாகப் புரட்டிய பிறகே வாயைத் திறக்க முடிகிறது. அந்தச் சில நொடி மௌனத்தைத்தான் 'தெரியவில்லை' என்று கேட்பவர் எடுத்துக்கொள்கிறார்.

இவை யாவும் பயிற்சியால் சீராகக் கூடியவையே. எந்தப் பயிற்சியையும் தொடங்கவிடாமல் தடுப்பது அச்சம். அமெரிக்காவின் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் எலைன் ஹார்விட்ஸ் என்ற பேராசிரியை தம் இரு சக ஆய்வாளருடன் 1986இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். அயல்மொழி வகுப்பில் மாணவர் அடையும் பதற்றம் பொதுவான பயந்த சுபாவத்தின் ஒரு கிளையன்று, அவ்வகுப்பிற்கே உரிய தனி நோய் என்பது அவர்கள் கண்டது. அதை அளக்க முப்பத்து மூன்று கூற்றுகள் கொண்ட வினாத்தாள் ஒன்றையும் அமைத்தார்கள். இன்றும் உலகெங்கும் அது பயன்படுகிறது. பேசுவதில் தயக்கம், தேர்வு குறித்த பயம், பிறர் நம்மைக் குறைவாக மதிப்பிடுவார்களோ என்ற பயம் ஆகிய மூன்றும் அதன் கூறுகளாகச் சொல்லப்படுகின்றன. மூன்றாவதையே நம் ஊரில் முதலாவதாக வைக்க வேண்டும் என்பது நம் கருத்து. நம் பிள்ளைகள் ஆங்கிலத்துக்கு அஞ்சுவதைவிட, பின் வரிசையிலிருந்து எழும் சிரிப்புக்கு அதிகம் அஞ்சுகிறார்கள்.

இனி இயல்பு பற்றிய கேள்விக்கு வருவோம். கலகலப்பானவன் நன்றாகப் பேசுவான், அமைதியானவனுக்குப் பேச்சு வராது என்பது நாம் எல்லாரும் கேள்வியின்றி ஏற்றுக்கொண்ட தீர்ப்பு. இதில் உண்மை இல்லாமல் இல்லை. மனிதரைப் புறநோக்கினர், அகநோக்கினர் என வகைப்படுத்தி ஆராயும் உளவியலார், நெருக்கடியான சூழலில் புறநோக்கினரின் அயல்மொழிப் பேச்சு சரளமாக ஓடுவதைக் கண்டிருக்கிறார்கள். லண்டன் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த டேவாலும் ஃபர்ன்ஹாமும் 1999இல் முந்தைய ஆய்வுகளைத் திரட்டி எழுதியபோது அதையே சுட்டினார்கள். ஆனால் எழுத்துத் தேர்வுகளில் அத்தகைய மேன்மை புறநோக்கினருக்குத் தென்படவில்லை என்பதும் அதே கட்டுரையில் உள்ளது. அதாவது, இயல்பு சரளத்தைத் தொடுகிறது, அறிவைத் தொடுவதில்லை. இரண்டையும் ஒரே மதிப்பெண்ணில் போட்டுக் கலக்குவது நம் பிழை.

அமைதியான இயல்பு என்பது ஒருவனுடைய நெற்றியில் எழுதப்பட்டதா என்று பார்க்க ஒரு வரலாற்றைச் சொல்கிறோம். காந்தியடிகள் லண்டனில் சட்டம் படித்த காலத்தில் சைவ உணவினர் சங்கத்தின் செயற்குழுவில் இருந்தார். ஆனால் வாய் திறந்ததில்லை. வென்ட்னர் என்ற ஊரில் ஒரு கூட்டத்தில், ஒரு தாளைக்கூட நிரப்பாத உரையை எழுதிக்கொண்டு எழுந்தார். கண் இருண்டது, உடல் நடுங்கியது. உடன் வந்த நண்பர்தான் அதை வாங்கிப் படித்தார். 1891இல் தாயகம் திரும்புமுன் தாமே அளித்த விருந்தில் நகைச்சுவையாகப் பேசத் தயாரித்துச் சென்று, முதல் வாக்கியத்துக்கு மேல் போக முடியாமல், நன்றி கூறி அமர்ந்துவிட்டார். பம்பாயில் முதல் வழக்கு. கட்டணம் முப்பது ரூபாய். சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்ய எழுந்தவருக்குத் தலை சுற்றியது. ஒரு கேள்வியும் தோன்றவில்லை. வழக்கை வேறொருவரிடம் கொடுக்கச் சொல்லிவிட்டு வெளியேறினார். இவற்றையெல்லாம் அவரே தம் சுயசரிதையில் எழுதியிருக்கிறார். படித்த படிப்பில் குறை ஏதும் இல்லை. பாரிஸ்டர் பட்டம் கையில் இருந்தது.

அதே மனிதர் 1893இல் தென்னாப்பிரிக்காவின் பிரிட்டோரியாவில், ஹாஜி முஹம்மது ஹாஜி ஜூஸப் சேட் என்பவரின் இல்லத்தில் கூடிய மேமன் வணிகர்களிடையே எழுந்து பேசினார். வணிகத்தில் வாய்மை என்பது பொருள். அதுவே தம் வாழ்வின் முதல் பொது உரை எனலாம் என்று குறிப்பிடுகிறார். இம்முறை நடுக்கம் பற்றிய பேச்சே இல்லை. என்ன மாறியது? ஆள் மாறவில்லை, இரண்டே ஆண்டுகள்தாம் கடந்திருந்தன. அவையும் பொருளும் மாறின. எதிரே இருந்தவர்கள் அவரை எடை போட வந்தவர்கள் அல்லர்; அவர் சொல்லவிருந்ததும் அவர்களுக்குத் தேவையானது, அவர் உள்ளத்தில் ஊறியது. திருக்குறளில் அவையஞ்சாமை என்ற அதிகாரத்துக்கு முன்னால் அவையறிதல் என்ற அதிகாரம் வைக்கப்பட்டிருக்கும் வரிசை நமக்கு இங்கே நினைவுக்கு வருகிறது.

அந்தக் கூட்டத்தின் தொடர்ச்சியாக நடந்ததை நம் ஜமாஅத்தார் அவசியம் அறிய வேண்டும். அங்குள்ள இந்தியருக்கு ஆங்கிலம் தெரியாதது பெரும் குறை என்று கண்ட காந்தியடிகள், விரும்புவோருக்குத் தாமே கற்றுத் தருவதாகச் சொன்னார். மூன்று பேர் முன்வந்தனர். இருவர் முஸ்லிம்கள், ஒருவர் நாவிதர், மற்றவர் எழுத்தர். மூன்றாமவர் சிறு கடை வைத்திருந்த ஓர் இந்து. பாரிஸ்டர் அவர்கள் இருக்குமிடத்துக்கே போய்ப் பாடம் நடத்தினார். அவர்கள் வாடிக்கையாளரைக் கவனித்து முடிக்கும் வரை காத்திருக்கவும் நேர்ந்தது. நாவிதருக்கு வேண்டியதெல்லாம் தம்மிடம் வருவோருடன் பேசும் அளவுக்கு ஆங்கிலம். அவர் அதைப் பெற்றார். ஏறத்தாழ எட்டு மாதத்தில் மற்ற இருவரும் கணக்கு எழுதவும் சாதாரண வணிகக் கடிதம் எழுதவும் தேர்ந்தார்கள். யாருக்கு எவ்வளவு தேவையோ அவ்வளவு என்று அளந்து கற்பித்த இந்த முறை நம் மாலை வகுப்புக்கு முன்மாதிரியாக இருக்கத் தக்கது.

நாவில் முடிச்சு என்பது புதிய குறையன்று. மூஸா நபி அவர்கள் ஃபிர்அவ்னின் அவைக்கு அனுப்பப்பட்டபோது தம் நாவின் முடிச்சை அவிழ்க்க வேண்டி இறைஞ்சியதையும், தம்மைவிடத் தெளிவாகப் பேசக்கூடிய சகோதரர் ஹாரூன் நபி அவர்களைத் துணைக்குக் கேட்டதையும் இமாம் அவர்கள் பலமுறை நமக்கு எடுத்துரைத்துள்ளார்கள். துணையுடன் மேடை ஏறுவது கௌரவக் குறைவு என்று நினைக்கும் மாணவர்கள் இதைச் சிந்திக்கட்டும். செமினாரில் இருவர் இணைந்து பேச ஆசிரியர் இசைந்தால் அதைத் தயங்காமல் ஏற்க வேண்டும்.

வளைகுடா நாடுகளில் உழைத்துத் திரும்பியவர்கள் இந்த அவையில் பலர் இருக்கிறீர்கள். துபாயிலும் தம்மாமிலும் பிலிப்பைன்ஸ் நாட்டவரோடும் வங்கதேசத்தவரோடும் மேலாளரோடும் காலை முதல் இரவு வரை ஆங்கிலத்தில் பேசி வேலை வாங்கியவர்கள் நீங்கள். இலக்கணம் பார்த்தீர்களா? கூசினீர்களா? 'டுடே மெட்டீரியல் நோ கம்' என்று சொன்னால் வேலை நடந்தது. ஆனால் விடுப்பில் ஊர் வந்து, பிள்ளை படிக்கும் மெட்ரிக் பள்ளியின் முதல்வர் அறையில் அமர்ந்ததும் அதே வாய் பூட்டிக்கொண்டதா இல்லையா? முன்னதில் உங்கள் சொல் தேவைப்பட்டது. பின்னதில் நீங்கள் மதிப்பிடப்படுகிறீர்கள். ஒரே மனிதர், ஒரே ஆங்கிலம், இரண்டு விதமான நாவு. இதைத் தம் உடம்பில் உணர்ந்தவர்கள் 'என் மகன் கூச்ச சுபாவம், அவனுக்கு வராது' என்று எப்படிச் சொல்லலாம்?

நம் மாலை வகுப்புக்கு வந்த பைல் நாட்டு மாணவர் ஒருவரிடம் புவி வெப்பமடைதல் பற்றிப் பேசச் சொன்னபோது நான்கு வாக்கியங்களில் நின்றுவிட்டார். அந்த நான்கும் இணையத்திலிருந்து எடுத்தவை. பிறகொரு நாள், சில்வர் ஓக் மரத்தில் மிளகுக் கொடியை எப்படி ஏற்றுவார்கள், எப்போது பறிப்பார்கள், வியாபாரி விலையை எவ்வாறு குறைப்பார் என்று ஆங்கிலத்தில் சொல்லுமாறு கேட்டோம். பத்து நிமிடம் பேசினார். காலம் காட்டும் வினைகள் இடறின, தெரியாத சொல்லுக்குக் கையால் காட்டினார், ஆனால் நிற்கவில்லை. மிளகு வாங்கும் நம்மவர் இருவர் இடைமறித்துக் கேள்வி கேட்டபோது மறுத்தும் பேசினார். விலை விஷயத்தில் அவர் சொன்னது அவர்களுக்குச் சற்றுக் கசந்தது என்பது வேறு கதை.

இப்போது நிர்வாகக் குழுவின் பார்வைக்கு ஒன்றை வைக்கிறோம். நாம் ஆண்டுதோறும் நடத்தும் ஆங்கிலப் பேச்சுப் போட்டியில் பரிசு யாருக்குப் போகிறது என்று எண்ணிப் பாருங்கள். உரத்த குரலும் கையசைவும் நிமிர்ந்த பார்வையும் உடைய பிள்ளைக்கு. உரையை எழுதிக் கொடுத்தவர் பெரும்பாலும் டியூஷன் ஆசிரியர். நாம் அளப்பது துணிச்சலும் மனனமும்; எழுதி வைத்திருக்கும் தலைப்போ 'ஆங்கிலப் பேச்சுத் திறன்'. ஐரோப்பிய நாடுகளுக்கான பொது மொழித்திறன் அளவுகோல் 2001இல் வெளியானது. அதில் பேச்சை மதிப்பிட ஐந்து கூறுகள் வைக்கப்பட்டுள்ளன: சொல்வளம், பிழையின்மை, சரளம், எதிரில் இருப்பவரோடு உரையாடும் திறன், கருத்துகளின் கோவை. இவற்றுள் துணிச்சல் என்றொரு பத்தி இல்லை. உரத்த குரல் என்பதும் இல்லை.

எனவே வரும் ஆண்டு முதல் போட்டியின் விதியை மாற்றுமாறு வேண்டுகிறோம். மூன்று நிமிட உரைக்குப் பாதி மதிப்பெண். அதைத் தொடர்ந்து நடுவர் கேட்கும் இரண்டு கேள்விகளுக்கான பதிலுக்கு மறுபாதி. கேள்வி வந்ததும் மனனம் செய்தவர் நிற்பார். தெரிந்தவர் தட்டுத்தடுமாறியாவது நடப்பார். தலைப்பைப் பிள்ளைகளே தேர்ந்தெடுக்கட்டும். தந்தையின் தொழில், தாயின் சமையல், தம் ஊரின் நீர்நிலை என எதுவாயினும் சரி. உதவித்தொகை நேர்காணலிலும் முதல் ஐந்து நிமிடத் தோற்றத்தை வைத்து முடிவெடுக்கும் பழக்கத்தைக் கைவிட வேண்டும். ஒருவரிடம் ஒரு நல்ல குணத்தைக் கண்டால் மற்ற குணங்களையும் உயர்த்தி மதிப்பிடும் வழக்கத்தை அமெரிக்க உளவியலாளர் தார்ண்டைக் 1920லேயே எடுத்துக்காட்டினார். நம் குழுவும் அதற்கு விலக்கன்று.

இதற்கு ஆட்சேபணை எழும் என்பதை அறிவோம். 'வெளியுலகில் துணிச்சலைத்தானே பார்க்கிறார்கள், நாம் மட்டும் வேறு விதமாக மதிப்பிட்டால் பிள்ளைகள் ஏமாந்து போவார்கள்' என்று குழுவிலேயே ஒருவர் சொன்னார். அதில் நியாயம் உண்டு. நேர்முகத் தேர்வாளர் எவரும் ஐரோப்பிய அளவுகோலைக் கையில் வைத்துக்கொண்டு அமர்வதில்லை. ஆனால் துணிச்சலைப் பரிசு கொடுத்து வளர்க்க முடியாது. பரிசு, ஏற்கெனவே துணிந்தவனுக்குப் போய்ச் சேர்கிறது. துணியாதவன் அதைக் கண்டு இன்னும் ஒதுங்குகிறான். துணிவு பழக்கத்தால் வருவது. பழக்கத்துக்கு இடம் கொடுப்பதுதான் ஜமாஅத்தின் வேலை.

அந்த இடத்தைப் பற்றிச் சில சொல்வோம். அலிகர் நகரில் சர் சையது அகமது கான் 1875இல் தொடங்கிய கல்லூரியில், 1884லேயே மாணவர் விவாத மன்றம் ஒன்று கேம்பிரிட்ஜ் மன்றத்தை ஒட்டி அமைக்கப்பட்டது. முதல் கல்லூரி முதல்வரான சிடன்ஸின் பெயரைத் தாங்கியது. பாடம் கற்பிப்பதோடு, எழுந்து வாதிடப் பழகும் இடமும் வேண்டும் என்பதை அவர்கள் உணர்ந்திருந்தார்கள். நமக்கு அத்தனை பெரிய மன்றம் வேண்டாம். மத்ரஸா கட்டடத்தின் மாடி அறை மாலையில் காலியாகத்தான் இருக்கிறது. நான்கு பேர் வட்டமாக அமரட்டும். முதல் மாதம் எவரும் எழுந்து நிற்க வேண்டியதில்லை. அமர்ந்தபடியே ஒருவருக்கு ஒருவர் பேசட்டும். அடுத்த மாதம் எழுந்து நின்று, அதே நால்வருக்கு. பிறகு எட்டுப் பேருக்கு. முழு வாசகத்தை எழுதி வரக் கூடாது. ஒரு சிறு அட்டையில் ஆறு சொற்கள் மட்டும். முதல் வாக்கியமும் கடைசி வாக்கியமும் வேண்டுமானால் மனனமாக இருக்கலாம். பேசும்போது எவரும் குறுக்கிட்டுத் திருத்தக் கூடாது. முடிந்த பிறகு இரண்டே பிழைகளைச் சொல்லலாம், மூன்றாவதை அடுத்த வாரத்துக்கு வைக்க வேண்டும். சிரிப்பவர் அந்த வாரம் அனைவருக்கும் தேநீர் வாங்க வேண்டும் என்ற விதியை மாணவர்களே போட்டுக்கொண்டார்கள். அது நன்றாக வேலை செய்கிறது.

பதற்றத்தைப் பற்றி மாணவர்களுக்கு ஒரு செய்தி. உங்கள் நெஞ்சு அடிப்பதும் கை நடுங்குவதும் எல்லாருக்கும் தெரிகிறது என்று நினைக்கிறீர்கள். அவ்வளவாகத் தெரிவதில்லை. சவிட்ஸ்கி, கிலோவிச் என்ற இரு உளவியலாளர்கள் 2003இல் வெளியிட்ட ஆய்வில், பேசுவோர் தம் பதற்றம் வெளியே தெரிவதாக எண்ணும் அளவுக்குக் கேட்போர் அதைக் காண்பதில்லை என்று நிறுவினார்கள். அது மட்டுமன்று, இவ்வுண்மையை முன்கூட்டியே எடுத்துச் சொல்லப்பட்டவர்கள் மற்றவர்களைவிட நன்றாகப் பேசினார்கள். ஆகவே இதை உங்களிடம் சொல்வதே ஒரு மருந்து.

உச்சரிப்புப் பற்றி அளவுக்கு மேல் கவலைப்பட வேண்டாம். சேலம் நகராட்சிக் கல்லூரியில் ஒரு காலத்தில் ஆசிரியராக இருந்த வலங்கைமான் சீனிவாச சாஸ்திரியாரை ஆங்கிலேயரே வெள்ளி நாவினர் என்று போற்றினார்கள்; அத்தகைய ஆங்கிலம் ஒரு தலைமுறையில் ஓரிருவருக்கே வாய்க்கும். மறுபுறம் டாக்டர் அப்துல் கலாம் 2007இல் ஸ்ட்ராஸ்பர்க் நகரில் ஐரோப்பிய நாடாளுமன்றத்தில் உரையாற்றினார். இராமேசுவரத்தின் ஒலி அவர் ஆங்கிலத்தை விட்டு ஒருபோதும் விலகவில்லை. அதை மறைக்க அவர் முயன்றதாகவும் தெரியவில்லை. கேட்டவர்களுக்குப் புரிந்தது. ஒலிகளில் எவை புரிதலைக் கெடுக்குமோ அவற்றை மட்டும் திருத்திக்கொண்டால் போதும். 'மைசெல்ஃப் அப்துல்லா' என்று தொடங்குவதை மட்டும் இன்றோடு விட்டுவிடுங்கள். நேர்முகத் தேர்வாளர்கள் அதைக் கேட்டுக் கேட்டுச் சலித்துப் போயிருக்கிறார்கள்.

பெண் பிள்ளைகளைக் குறித்து ஒரு வார்த்தை. இன்று கல்லூரியில் பயிலும் நம் பெண்கள் மதிப்பெண்ணில் ஆண்களுக்கு முன்னால் நிற்கிறார்கள். வாய்மொழித் தேர்வில் பின்தங்குகிறார்கள். பதினேழு ஆண்டுகள் 'மெதுவாகப் பேசு, எதிர்த்துப் பேசாதே, விருந்தினர் முன்னால் வராதே' என்று வளர்த்துவிட்டு, பதினெட்டாம் ஆண்டில் அந்நியர் ஐவர் முன்னிலையில் ஆங்கிலத்தில் வாதிட வேண்டும் என்று எதிர்பார்க்கிறோம். அடக்கம் வேறு, குரலின்மை வேறு. வீட்டில் இரவுச் சாப்பாட்டின் போது அன்று படித்த ஒன்றை, எந்த மொழியிலாயினும், மகள் சொல்லத் தந்தை முழுவதும் கேட்கட்டும்; இடையில் கைப்பேசியை எடுக்காமல் கேட்கட்டும். தாய்மொழியில் ஒரு செய்தியைக் கோவையாகச் சொல்லப் பழகாதவர் ஆங்கிலத்தில் அதைச் சொல்ல இயலாது. தாய்மார்களுக்கென மாலை வகுப்பில் தனிப் பிரிவு வேண்டும் என்று சிலர் கேட்டிருக்கிறார்கள். ஆசிரியை கிடைத்ததும் தொடங்கப்படும்.

தமிழக அரசு 2022இல் தொடங்கிய நான் முதல்வன் திட்டத்தில் ஆங்கிலப் பேச்சுப் பயிற்சியும் அடங்கியுள்ளது. நம் மாணவர்கள் கல்லூரியில் அதைச் சடங்காக முடித்துவிடாமல் பயன்படுத்திக்கொள்ள வேண்டும். அதில் கிடைக்கும் பயிற்சிக்கு மேலாகப் பேசிப் பழக ஆள் வேண்டும் என்பதற்காகவே நம் வகுப்பு.

வகுப்பு ஞாயிறு, புதன் ஆகிய இரு நாட்களில் மக்ரிபுக்குப் பின் நடைபெறுகிறது. மலையிலிருந்து வரும் மாணவர்கள் கடைசிப் பேருந்தைப் பிடிக்க வேண்டியிருப்பதால், அவர்களுக்கு மட்டும் ஞாயிறு அஸருக்குப் பின் வைத்துக்கொள்ளலாமா என்ற கோரிக்கை நிலுவையில் உள்ளது. மாடி அறையின் சாவி அந்நேரம் கிடைக்க நிர்வாகம் ஆவன செய்ய வேண்டுகிறோம். கட்டணம் ஏதுமில்லை. எந்தச் சமயத்தைச் சார்ந்த மாணவரும் வரலாம். வளைகுடாவிலிருந்து திரும்பியோர் வாரம் ஒரு மணி நேரம் வந்து அமர்ந்து, பிள்ளைகள் பேசுவதைக் கேட்டு, ஆளுக்கொரு கேள்வி கேட்டுவிட்டுப் போனாலே பேருதவியாக இருக்கும்; பெயர் கொடுக்க விரும்புவோர் பள்ளிவாசல் அலுவலகத்தில் உள்ள பதிவேட்டில் எழுதலாம்.